தலைகீழ் முத்திரை

டோக்கியோ ஆய்வு நிலையத்தின் ஆறாம் மாடியில் ஏசி ஓயாமல் முனகுகிறது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தை விட்டுக் குசுமியின் கண் நகரவில்லை. எட்டு மாதம் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து அவள் எழுதியது, ‘அக்கரை நாட்டுப் போர்க்கப்பல்கள் ஜலசந்தியை மறிக்கலாம்’ என்று. இப்போது அங்கே ‘மறிக்கும்’ என்றிருக்கிறது. “ஒரு சொல்லுக்கா இப்படி மொறைக்கிறீங்க, குசுமி-சான்?” என்று சிரிக்கிறார் இயக்குநர் ஓதாகி. “மறிக்கலாம்னு சொன்னா அமைச்சர் படிக்கவே மாட்டாரு.” “மறிக்கும்னு சொன்னா நம்ம போர்க்கப்பலை அனுப்பிடுவாரு சார்.” ஓதாகியின் சிரிப்பு நின்றுபோகிறது. அமைச்சகத்திலிருந்து வந்த அதிகாரி வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பக்கத்தின் அடியில், கையெழுத்துக்குப் பதிலாக, ஓதாகியின் சிவப்புப் பெயர் முத்திரை நிமிர்ந்து நிற்கிறது. அதற்கு வலப்புறம் மூன்று கட்டங்களில் கீழுள்ளவர்களின் முத்திரைகள், வழக்கப்படி, அதை வணங்குவதுபோல் சாய்ந்திருக்கின்றன. ஐந்தாவது கட்டம் அவளுடையது. அது காலியாக இருந்தால் அறிக்கை இந்த வாசலைத் தாண்டாது. விரல் பருமனான முத்திரைக் கட்டையை மையில் ஒற்றுகிறாள். சட்டென்று கட்டையைத் திருப்பிப் பிடித்து அழுத்துகிறாள். அவள் பெயர் தலைகீழாகப் பதிகிறது. மனமில்லாமல் போடுகிறவர்கள்தான் அப்படிப் போடுவார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். “கை தவறிடுச்சா?” ஓதாகியின் குரல் இறங்குகிறது. “இல்ல சார்.” அதற்குள் அதிகாரி வந்து குனிகிறார். அவர் விரல் கட்டங்களின்மேல் ஒவ்வொன்றாக நகர்ந்து கடைசியில் அவளுடைய தலைகீழ்ப் பெயரின்மேல் நிற்கிறது. அவள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். “அஞ்சும் இருக்கு,” என்று அறிக்கையைப் பைக்குள் வைத்து மூடுகிறார்.