அறுந்து விழுந்த கம்பி

“மேடம், புளியந்தோப்பாண்ட கரண்ட்டு கம்பி அறுந்து கீழ கெடக்குது. சீக்கிரம் லைன நிறுத்துங்க!”

கல்பனா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மலைமேல் இருந்த அந்தச் சின்ன சப்-ஸ்டேஷனில் அன்று பகல் டூட்டி அவளுடையது. போன் ஸ்பீக்கரில் இருந்தது. எதிர் மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்த இன்ஜினீயர் கோகுலகிருஷ்ணன், ‘நம்பாதே’ என்பதுபோல் கையை ஆட்டினார்.

“ஐயா, கம்பிகிட்ட வேற யாராவது இருக்காங்களா?” என்றாள்.

“இல்ல மேடம். நான் ஒருத்தன்தான்.” காற்று இரைச்சலில் அந்த ஆளின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

“எவ்ளோ கிட்ட இருக்கீங்க?”

“கிட்டதான் மேடம். கழிய நீட்டுனா தொட்டுடலாம்.”

கல்பனாவின் முகம் வெளுத்துவிட்டது. “ஐயய்யோ, தொட்டுடாதீங்க! கழிய மொதல்ல கீழ போடுங்க. இருக்கற எடத்துலயே ஆடாம அசையாம இருங்க!”

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க நிறுத்துங்க மேடம்.”

போன் கட்டாகிவிட்டது. கல்பனா பேனலை நோக்கி ஓடினாள்.

“ஏம்மா, நில்லு” என்றார் கோகுலகிருஷ்ணன். “மீட்டரப் பாரு. மூணு பேஸ்லயும் கரண்ட் ஒரே மாதிரி போவுது. கம்பி மண்ணுல விழுந்திருந்தா அந்த பேஸ் கரண்ட் பூமிக்குள்ள எறங்கியிருக்கும். எர்த் பால்ட் ரிலே அத மோப்பம் புடிச்சி, தானா லைன கட் பண்ணியிருக்கும். பண்ணுச்சா?”

“பண்ணல சார்.”

“அப்ப கம்பியும் விழல. இது புளி உலுக்கற சீசன்மா. லைனுக்குப் பக்கத்துல கீற மரத்துல ஏறி, நீட்டு கழியால அடிக்கணும். கழி கம்பியில பட்டுடும்னு பயம். அதுக்காக நமக்கு ஒரு போன், ‘கம்பி அறுந்துபோச்சி’ன்னு. நாம நிறுத்துனா சாவகாசமா அடிச்சி மூட்ட கட்டிக்கினு போய்டுவானுங்க. போன வாரம் முத்தம்மா டூட்டியில இருக்கும்போது இதே மாதிரி நம்பி நிறுத்திட்டாங்க. மேல நான் வாங்குன திட்டு இன்னும் காதுல இரையுது.”

“சார், இது பாறை. மழையப் பாத்தே மாசக்கணக்காவுது. காஞ்ச பாறைமேல கம்பி விழுந்தா கரண்ட் சரியா உள்ள எறங்காது. ரிலேவுக்குத் தெரியவே தெரியாது. கம்பி உசுரோட கெடக்கும். யாராவது மிதிச்சா...”

“எனக்கே பாடம் எடுக்கறியா? இந்த வாட்டி பொய்யின்னு ஆச்சுன்னா மெமோ உனக்குத்தான். உன் வேல இன்னும் பர்மனென்ட் ஆவல, ஞாபகம் வச்சிக்கோ. லைன்மேன் ராஜாக்கண்ணு அந்தப் பக்கம்தான் சுத்திக்கினு கீறான். அவன் போய்ப் பாக்கட்டும். அப்புறம் நிறுத்தலாம்.”

“அவரு போறதுக்குள்ள எதுனா ஆய்ட்டா சார்?”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. பேனலில் இருந்த கைப்பிடியைத் திருப்பினாள். வெளியே பிரேக்கர் ‘டமால்’ என்று திறந்துகொண்டு லைன் நின்றது.

“போச்சுடா!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார் கோகுலகிருஷ்ணன்.

அடுத்த நிமிஷமே போன் அலற ஆரம்பித்தது. ஜமுனாமரத்தூரில் அன்று சந்தை நாள். ஜெராக்ஸ் கடைக்காரர் கத்தினார். சாமை மில்லுக்காரர் கெஞ்சினார். டிபன் கடை தேவயானி மட்டும், “மாவு பாதி அரைபட்டு கிரைண்டர்லயே நிக்குது மேடம். மீதிய நீங்க வந்து ஆட்டித் தர்றீங்களா, இல்ல உங்க மாமியாரை அனுப்பறீங்களா?” என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

எல்லோரிடமும் “கொஞ்சம் பொறுங்க, கொஞ்சம் பொறுங்க” என்று சொல்லிக்கொண்டே கல்பனா புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். ஏசி நின்றுபோய் வந்த வேர்வை இல்லை. அந்த அறையில் ஏசியே கிடையாது. ஆனாலும் மாசி மாதக் குளிரில் யாருக்கும் அப்படி வேர்க்காது.

கடைசியில் ராஜாக்கண்ணு கூப்பிட்டான். இன்ஜினீயரே எட்டி ஸ்பீக்கரைப் போட்டார்.

“தோப்பாண்டதான் நிக்கறேன் மேடம். லைன் பூரா பாத்துட்டேன். ஒரு கம்பியும் அறுவல. எல்லாம் கிண்ணுன்னு கீது.”

“அங்க ஆளு யாராவது இருக்காங்களாண்ணா?” என்றாள் கல்பனா.

“யாரையும் காணோம். புளிதான் கீழ மழையாட்டம் கொட்டிக் கெடக்குது. நல்லா ஏமாத்திட்டான் மேடம்.”

“கேட்டியா?” கோகுலகிருஷ்ணன் துள்ளி எழுந்தார். “நான் படிச்சிப் படிச்சி சொன்னேன். ரிலே பொய் சொல்லாதும்மா, மனுசன்தான் சொல்லுவான். போடு லைன! மெமோ எப்டி வருதுன்னு மட்டும் பாரு.”

கல்பனாவின் கை கைப்பிடிவரை போனது. அங்கேயே நின்றது.

“ஒரு நிமிஷம் சார்.”

“இன்னும் இன்னாம்மா? சந்தையே நம்மள சபிச்சிக்கினு கீது!”

“ஒரே நிமிஷம் சார். அதுவரைக்கும் தொட்டுடாதீங்க சார், உங்களக் கையெடுத்துக் கும்புடறேன்.”

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் வராண்டாவுக்கு ஓடித் தன் செல்போனில் ஒரு எண்ணைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். அதே காற்று இரைச்சலோடு ஒரு ‘அலோ’ கேட்டது.

“அப்பா, எறங்கிட்டியா இல்லியா?” என்றாள். “நிறுத்த முடியாதுன்னு காத்தாலயே அத்தினி வாட்டி சொன்னனே... மரத்து மேல ஏறிக் குந்திக்கினு போன் பண்ணா நான் இன்னாதாம்ப்பா பண்றது?”