பேப்பரில் வந்த சண்டை

பேப்பரில் கஸ்தூரியின் அப்பாவும் மாமனாரும் ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

'கிரிவலப் பாதையில் இரு கட்சியினர் மோதல். மோர்ப் பந்தல் சூறை. நகரெங்கும் பதற்றம்.'

அஞ்சாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் முடித்தாள். பதற்றம் என்று போட்டிருக்கிறார்களே என்று வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். பால்காரர் சைக்கிளில் போனார். கீரைக்காரம்மா எதிர்வீட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டு ரேணுகாம்பாள் கீரையை அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

"ஏம்மா கஸ்தூரி, உங்கப்பா உன் மாமனாரை அடிச்சிட்டாராமே?"

"தெரியலக்கா."

"என்ன தெரியல? பௌர்ணமிக்கு நான் பந்தலுக்கு எதிர்லதான் நின்னுட்டிருந்தேன். சும்மா தள்ளிக்கிட்ட மாதிரிதான் இருந்துச்சு. மோர்ப்பானைகூட வெச்ச இடத்துலயே இருந்துச்சு. பேப்பரைப் பார்த்தப்புறந்தான் எவ்ளோ பெரிய சண்டைன்னு புரிஞ்சுது."

கஸ்தூரி உள்ளே வந்துவிட்டாள். அழுகையை அடுத்தவர் முன்னால் காட்டிப் பழக்கமில்லை அவளுக்கு.

வெள்ளிக்கிழமை குழந்தை தேவிப்ரியாவுக்குக் காதுகுத்தல். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அப்பா சீரை எடுத்துக்கொண்டு, தம்பி பிரசாத்தையும் கூட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூரிலிருந்து வர வேண்டும். இனி எங்கே வருவது?

அப்பா சடையன் ஒரு கட்சியில் கிளைச் செயலாளர். மாமனார் தசரதன் எதிர்க்கட்சியில் வட்டச் செயலாளர். பெண் கொடுத்து எடுத்தபோது இதெல்லாம் ஒரு விஷயமாகவே இல்லை. ஆடியில் குழந்தையின் பிறந்தநாளுக்கு அப்பா வந்தார், மாமனார் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதை எவரோ படம் பிடித்துக் கொடுக்க, 'ஒரே பந்தியில் இரு கட்சியினர். ரகசியக் கூட்டா?' என்று இதே பேப்பரில் வந்தது.

அவ்வளவுதான். ரெண்டு கட்சியிலிருந்தும் ஆள் வந்து, இனிமேல் ஒருத்தர் வீட்டு வாசலை ஒருத்தர் மிதித்தால் பதவி இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றோடு அப்பா வருவது நின்றுபோனது.

வராமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. இப்படி அடித்துக்கொள்கிற அளவுக்கா போவது?

படத்தை மறுபடி பார்த்தாள். அப்பாவின் சட்டைப் பாக்கெட் கிழிந்து தொங்கியது. எப்போதும் அதற்குள்ளிருந்து தெரியும் தலைவர் படத்தையும் காணோம். கீழே விழுந்து மிதிபட்டிருக்கும்.

மாமனார் வந்து கையை நீட்டினார். "எங்கம்மா, பேப்பரைக் குடு. என் மூஞ்சி தெளிவா வந்திருக்குதா?"

கஸ்தூரி பேப்பரை நீட்டினாள். எங்கப்பா சட்டையைக் கிழித்ததுமில்லாமல், மூஞ்சி தெரிகிறதா என்று வேறு கேட்கிறாரே.

"மாமா... வெள்ளிக்கிழமை..." என்று இழுத்தாள்.

"ஆவறபடி ஆவும், போம்மா" என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சாயங்காலம் ரேணுகாம்பாள் அடுத்த சேதியைக் கொண்டுவந்தாள். பேப்பரைப் பார்த்துவிட்டு ரெண்டு பேரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். கஸ்தூரி அன்று சோற்றில் கை வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சீர்த்தட்டோடு அப்பா இறங்கினார். பின்னாலேயே பிரசாத்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமனாரின் கட்சிக்காரர் ஒருவர் எழுந்தேவிட்டார். "என்னண்ணே இது, இந்த ஆள் எப்படி இங்க வர்றாரு?"

மாமனார் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டார். "என்னப்பா பண்றது? இந்த விசேஷத்தை ரெண்டு பேரும் ஒத்துமையா இருந்து நடத்தறோம்னு ஸ்டேஷன்ல எழுதி வாங்கிட்டாங்க. வரலைன்னா ரெண்டு பேர் மேலயும் கேஸ்."

"எங்காளுங்ககிட்டயும் இதையேதான் சொல்லிட்டு வர்றேன்" என்று அப்பாவும் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

பிரசாத் மடியில் உட்கார்ந்து குழந்தை வீறிட்டு அழுதது. காதில் கம்மல் ஏறியது. கட்சிக்காரர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

அப்பா மெல்ல சமையலறைக்குள் வந்து, மஞ்சப்பையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து நீட்டினார். பாக்கெட் கிழிந்து தொங்கியது.

"இதை உன் மாமனார்கிட்ட குடுத்துடும்மா."

கஸ்தூரி வாங்கிப் பிரித்தாள். காலரில் நாலு தையல் நீல நூலில் இருந்தது. மாமனாரின் பழைய சட்டை. காலர் நைந்துபோய் அவள்தான் திருப்பிப் போட்டுத் தைத்தாள், வெள்ளை நூல் தீர்ந்துபோகவே நீலத்தில் முடித்தாள்.

"இது எப்படிப்பா உங்ககிட்ட?"

"என் நல்ல சட்டையைக் கிழிக்க அவருக்கு மனசு வரலையாம். கிழிக்கறதுக்குன்னே இதைக் கொண்டாந்து, பந்தலுக்குப் பின்னால வெச்சு அவரே போட்டுவிட்டாரு. போட்டோக்காரர் வர்றதுக்குத்தான் லேட்டாயிடுச்சு" என்று அப்பா குரலைத் தணித்தார். "சேர்ந்து சாப்ட்டா சந்தேகப்படறாங்க. அடிச்சிக்கிட்டாதானம்மா, போய் ராசியாவுங்கன்னு சொல்றாங்க."

கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

வாசற்படியில் மாமனார் தொண்டையைச் செருமினார். வெளியே ஒருமுறை பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்:

"அந்தப் பாக்கெட்டை மட்டும் தைச்சு வைம்மா. தை மாசம் உன் கொழுந்தன் கல்யாணம் வருது."