கடைவாயில் ஒரு மாத்திரை

செவிலியின் கண்முன் மாத்திரையை விழுங்கவேண்டும், தவறினால் மனநல மருத்துவமனைக்கே திரும்பவேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் ஓதுவார் தாண்டவராயரை வீட்டுக்கு விட்டிருந்தார்கள். மருந்து தம் குரலைத் தின்றுவிடும் என்று அவர் அஞ்சினார். இன்றும் நீர் பருகி, நாவைத் தூக்கிக் காட்டினார். மாத்திரை கடைவாயில் ஒதுங்கியிருப்பதை மனைவி ஞானாம்பிகை மட்டும் அறிவாள். தெருவில் மருத்துவமனை வண்டி நின்றது.

வாசற்படி வரை போன செவிலி எஸ்தர் திரும்பினாள். "ஐயா, ஒரு பதிகம் பாடுங்களேன். கேட்டுட்டுப் போறேன்."

"தொண்டை கட்டியிருக்கு சிஸ்டர்" என்று ஞானாம்பிகை முந்திக்கொண்டாள்.

"யாருக்கு? உனக்கா?" என்றார் அவர்.

வாயில் ஒன்றை அடக்கிக்கொண்டு திருமுறையைத் தொட்டவரல்லர் அவர். கண்களை மூடினார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. ஞானாம்பிகை, அந்தக் குரலைக் கடைசியாகக் கேட்கப்போகிறவள்போல், அவரெதிரே அமர்ந்தாள்.