மூன்றாவது கட்டம்

"இவருக்கு எதுவுமே மாறக் கூடாது, மேடம். வட்டி உள்பட" என்றார் கணக்கு டீச்சர், பக்கத்து நாற்காலியில் இருந்த டிராயிங் மாஸ்டரைக் காட்டி.

வங்கியில் என் மேசை மேல் கார் கடன் விண்ணப்பம். அதில் மூன்று கட்டங்கள். ஏதாவது ஒன்றில் டிக் போட்டால் என் வேலை முடிந்தது. முக்கால் மணி நேரமாக இருவரும் முதல் இரண்டிலேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

டிராயிங் மாஸ்டருக்கு மாறாத வட்டிதான் வேண்டும். மாதாமாதம் ஒரே தவணை, நிம்மதியான தூக்கம்.

டீச்சருக்கு ஏறி இறங்கும் வட்டி. இறங்கினால் எவ்வளவு மிச்சம் என்று என் கம்ப்யூட்டரை முந்திக்கொண்டு சொன்னார்.

ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ். ஒன்பது வருஷமாக நின்றுகொண்டே போகிறார்களாம். இனி முட்டி தாங்காது, சின்னதாக ஒரு கார் வாங்கியே தீர வேண்டும்.

மாஸ்டர் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினார். டீச்சர் பேச்சை நிறுத்தாமலே அதைத் தன் கைப்பையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டிலும் இதே கதைதான். கண்ணெதிரே தொங்கும் சாவி என் கணவருக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் கணக்கு உதைத்தது. இவர் சம்பளத்துக்கு மட்டும் கார் வராது. அவர் சம்பளத்துக்கும் வராது. மறுபடி பஸ்தான். இரண்டு முகங்களும் வாடிப்போயின.

எனக்கே பாவமாக இருந்தது.

"மூணாவது ஒண்ணு இருக்கே, கணவன் மனைவி கூட்டுக் கடன். ரெண்டு சம்பளத்தையும் சேர்த்துக்கலாம், வட்டியும் கம்மி. கல்யாணச் சான்றிதழ் நகல் மட்டும் கொண்டு வாங்க."



மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். டீச்சர் தாளில் எதையோ கூட்டினார், அடித்தார், மறுபடி கூட்டினார்.

சான்றிதழைத் தொலைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஒரு மாதம் அவகாசம் உண்டு, பதற வேண்டாம் என்றேன்.

டீச்சர் பேனாவை மூடி வைத்தார். அதுவரை என்னிடம் 'இவர், இவர்' என்றே பேசிக்கொண்டிருந்தவர், முதல்முறையாக அவர் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"சார், ஒரு மாசம் போதுமா?"

இன்னும் நடக்காத கல்யாணத்துக்கு நகல் கேட்டிருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அசடு வழியப் பேனாவை நீட்டினேன்.

மாஸ்டர் காதெல்லாம் சிவந்திருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டார்.

இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கோடு போடச் சொல்லிக்கொடுப்பவர். டிக் கட்டத்துக்கு வெளியே போய் விழுந்தது.