ஊறவைத்த பரோட்டா

"மொதல்ல எண்ணெய் பரோட்டா. அதுல மாத்தமே கெடையாதும்மா."

உணவுத் திருவிழா நோட்டீஸைத் தரையில் விரித்து வைத்து, கடைகளின் பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே சொன்னாள் சுகிர்தா. பாலம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று வருஷமாக வாசல்படி தாண்டாத மகள், நாளைக்கு விருதுநகர் பொருட்காட்சித் திடலுக்குப் போகப்போகிறேன் என்கிறாள்!

"பரோட்டா மொறுமொறுன்னு இருக்குமே தாயி. ஒனக்கு வாய் தெறக்கணும்ல?"

"நீ பிச்சுப் போட்டு சால்னால ஊற வச்சிரு. நல்லா ஊறுனா எறங்கிரும்."

பாலம்மாள் வேலை பார்த்த பட்டாசு ஆலையில் அறை வெடித்த அன்று சுகிர்தாவின் முகத்தில் பாதி வெந்துபோனது. புண் ஆறியபோது தோல் இறுகி வாயையும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்கும். கல்லூரி லீவில் வீட்டில் இருந்தவளை, "தீபாவளி ஆர்டர் வந்துருச்சு, ஆள் பத்தல, ரெண்டு வாரம் வா தாயி" என்று கூட்டிப்போனவள் பாலம்மாள்தான். பாலம்மாள் தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரத்தில்தான் அந்த அறை வெடித்தது. அன்றைக்குக் குடித்த தண்ணீர் அவளுக்கு இன்னும் தொண்டையைவிட்டு இறங்கவில்லை.

"அடுத்து பால்கோவா. அப்புறம் பருத்திப்பால். ரெண்டுக்கும் பல்லு வேண்டாம்."

"சாத்தூர் சேவு?"

"அத நீ தின்னு. நான் தின்னு முடிக்கதுக்குள்ள அடுத்த வருசத் திருவிழா வந்துரும்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மகள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று பாலம்மாளுக்கு ஞாபகமில்லை.

"கறி தோசையும் எளுதிக்கோ. பந்தலுக்குப் பின்னால ஓரமா எடம் பாத்துக்கிருவோம். துப்பட்டாவ லேசாத் தூக்கிட்டு, நான் ஊட்டி விடுதேன்..."

"துப்பட்டா போடப் போறதில்லம்மா."

எதிர்வீட்டுக் குழந்தை ஒருநாள் சுகிர்தாவின் முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுதது. அன்றிலிருந்து வீட்டுக்குள்கூட அவள் முகத்தை மூடிக்கொண்டுதான் நடமாடுகிறாள்.

"கூட்டம் அம்புட்டும் பாக்குமே தாயி."

"பாக்கட்டும். புள்ளைக எல்லாம் எங்கூட நின்னு போட்டோ எடுக்கும். இருந்து பாரு."

எங்கிருந்து வந்தது இந்தத் தைரியம்? கேட்டால் எங்கே கலைந்துவிடுமோ என்று பயந்து பேச்சை மாற்றினாள் பாலம்மாள்.

"புதுச் சுடிதார எடுத்து வைக்கவா?"

"வேண்டாம். பழைய பனியனும் பேண்ட்டும் போதும். அங்கன வேக்காடு தாங்காது. நீ தண்ணி மட்டும் ரெண்டு பாட்டில் கொண்டாந்திரு."

கூடப் படித்த ஹர்ஷினி வேலை பார்க்கும் கம்பெனிதான் திருவிழாவை நடத்துகிறதாம். அவளுக்கு ஒத்தாசையாக மத்தியானமே அவள் வண்டியில் போய்விடுவதாகச் சொன்னாள் சுகிர்தா.

"நீ ஆறு மணிக்கு வா. எல்லாத்தையும் வாங்கிட்டு வாசப் பக்கத்துலயே நில்லு. நீ என்னையத் தேட வேண்டாம், நானே ஒன்ன வந்து பாக்கேன்."

அடுப்படிக்குப் போய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள் பாலம்மாள். பெற்றவள் செய்த பாவத்தை மகள் ஒருவழியாக மன்னித்துவிட்டாள் என்றே அவளுக்குத் தோன்றியது. இருக்கன்குடி மாரியம்மனுக்கு அங்கேயே நின்று நேர்ந்துகொண்டாள்.

மறுநாள் ஆறு மணிக்குத் திடலில் கால் வைக்க இடமில்லை. பாலம்மாள் பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வாசல் பக்கம் வந்து நின்றாள். பரோட்டாவைப் பொடிப்பொடியாகப் பிய்த்துச் சால்னாவில் ஊறப்போட்டாள். போகிற வருகிற பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

அரை மணி ஆயிற்று. முக்கால் மணியும் ஆயிற்று. சால்னா ஆறி மேலே எண்ணெய் படிந்துவிட்டது. யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்களோ? எந்த மூலையில் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளோ?

அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு கூச்சல். மசாலாக் கடையிலிருந்து, ஆளுயரத்தில் உருண்டு திரண்ட ஒரு மிளகாய்ப்பழப் பொம்மை ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது. செக்கச்செவேல் என்று உடம்பு, காதுவரை சிரிக்கிற வாய். குழந்தைகள் ஓடிப்போய் அதைக் கட்டிக்கொண்டன. ஒரு சின்னப்பெண் அப்பாவின் தோளிலிருந்து எட்டி, அதன் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அப்பா படம் பிடித்தார்.

பொம்மை கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே பாலம்மாளிடம் வந்து பார்வையை மறித்து நின்றது.

"அட, தள்ளு அங்கிட்டு! எம்மகளக் காணாம நானே ஈரக்கொல நடுங்கி நிக்கேன். ஒனக்கு வெளையாட்டா இருக்கா?"

பொம்மை போகவில்லை. பெரிய பஞ்சுக் கையால் அவள் தோளைத் தொட்டது. வரைந்து வைத்த சிரிப்பு மாறாமல் அவள் காதருகே குனிந்தது.

"பரோட்டா நல்லா ஊறட்டும்மா," என்றது உள்ளேயிருந்து மூச்சிரைக்க ஒரு குரல். "ஒம்போது மணிக்குத்தான் இந்தத் தலையக் கழட்ட விடுவாக."