கூட்டு மருந்து

"செத்தாலும் அந்த ஆளு வாசப்படிய மிதிக்க மாட்டேன் டாக்டர்!"

துள்ளி எழுந்தார் மரியான். எழுந்த வேகத்தில் வயிறு சுரீரென்று இழுக்க, "யேசுவே" என்று மறுபடி உட்கார்ந்துவிட்டார். கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டும் தண்டல் அவர். கடலுக்கு அஞ்சாத மனுஷனை இந்தப் பாழாய்ப்போன வயிற்றுப்புண் ஒரு வருஷமாய்ப் படுத்தி எடுக்கிறது.

டாக்டர் ஜீவமணி அசரவில்லை. "வெறும் பால் மருந்து எரிச்சலத்தான் அமத்தும். புண்ணு ஆறணும்னா இந்தப் புது மாத்திரையும் கூடவே போகணும். நம்ம ஊர்க் கடையில அது கிடையாது. மூஸா நெய்னாவுக்குத்தான் துபாய்ல இருந்து மருமகன் அனுப்பியிருக்கான்."

"அவருக்கு எதுக்காம்?"

"அவருக்கும் இதே புண்ணுதான். மாத்திரை இருக்கு, பால் மருந்து இல்ல. கடையில இருந்த பாட்டிலை எல்லாம் நீங்க அள்ளிட்டுப் போயிட்டீங்களே!"

மரியானுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அந்த ஆளுக்கும் புண்ணா? நல்லா வேணும்!

ஒரு காலத்தில் இருவரும் ஒரே தோணிக்குப் பங்காளிகள். காயல்பட்டினத்தார் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, "காக்கா, காக்கா" என்று மூஸா நெய்னாவையே சுற்றி வந்தவர்தான் இவர். ஒருநாள் காற்று சரியில்லை, போகாதே என்று அவர் தடுத்தும் கேளாமல் இவர் பாய் விரித்தார். வெங்காய மூட்டையெல்லாம் நனைந்து நாறியது. "கடலப் பத்தி எனக்கே சொல்லித் தாரீரோ?" என்று இவர்தான் எகிறினார். அன்றோடு கூட்டும் போச்சு, பேச்சும் போச்சு.

"வேண்டாம்னா விடுங்க. பாளையங்கோட்டைக்குப் போயி ஆபரேஷன் பண்ணிக்கலாம். அப்புறம் தோணிய மறந்துர வேண்டியதுதான்."

தோணியை மறப்பதா! மறுநாள் காலையில் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூஸா நெய்னா சரக்கு அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் போய் நின்றார் மரியான்.

"மாத்திரையக் குடும். மருந்த ஊத்திக்கிடும். நான் போறேன்."

"குடுத்தனுப்ப மாட்டேன்லே. காலையும் சாயங்காலமும் இங்கன வந்து, என் கண்ணு முன்னால முழுங்கணும்."

"அப்படின்னா நீரும் என் கண்ணு முன்னால குடிக்கணும்!"

குடித்தார்கள். மூஸா நெய்னாவின் முகம் அஷ்டகோணலாய்ப் போனதைப் பார்த்து மரியானுக்குப் பாதிப் புண் அப்போதே ஆறிவிட்டது.

"எப்படி இருக்கு?"

"சுண்ணாம்பக் கரைச்சுக் குடிச்ச மாதிரி இருக்குலே."

முதலில் மருந்தைக் குடித்ததும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பிறகு அந்த வெங்காய மூட்டையை இழுத்துப்போட்டு, தெருவே வேடிக்கை பார்க்கச் சண்டை போட்டார்கள். கத்திக் கத்தி இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. ஒருநாள் மரியான் தன்னை மறந்து, "காக்கா, இன்னைக்குக் காத்து எப்படி? சரக்கு ஏத்தலாமா?" என்று கேட்டேவிட்டார். மூஸா நெய்னா முகத்தைத் திருப்பித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.  இத்தனை நாள் வீம்பு எதற்கு என்று மரியானுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

அடுத்த மாதம் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்த டாக்டர், "புண்ணு ஆறிப்போச்சு! தாராளமாத் தோணி ஏறுங்க" என்றார்.

"காக்காவுக்கும் ஆறிட்டா டாக்டர்? மறுபடியும் சேந்து தொழில் பண்ணப் போறோம். காலையில மாத்திரைக்குப் போனா கிட்டங்கியில ஆளக் காணோம்."

டாக்டர் சிரிப்பை அடக்கமாட்டாமல் கண்ணாடியைக் கழற்றினார்.

"புண்ணு இருந்தால்ல ஆறுறதுக்கு? நேராக் குடுத்தா வாங்க மாட்டீங்கன்னு, உங்களுக்காகவே அந்த மாத்திரைய வரவழைச்சாரு மனுஷன். அவரு பங்கு மாத்திரைய முழுங்குற மாதிரி கைக்குள்ள ஒளிச்சிட்டாராம். பால் மருந்த எங்க ஒளிக்க? நீங்கதான் கண்ண எடுக்காமப் பாத்துக்கிட்டே இருந்தீங்களாமே! அதக் குடிச்சுக் குடிச்சே வயித்தால போயி, இப்ப அடுத்த ரூம்ல குளுக்கோஸ் ஏறிக்கிட்டிருக்கு!"