பின்னுக்குத் தள்ளிய இருக்கை

குடியேறிய ஊரான கிரான்பர்னிலிருந்து முருகன் வேலோடு நாட்கணக்கில் நடந்து வந்தவர்கள் கடலைக் கண்டதும் "அரோகரா" என்றார்கள். வதனி மட்டும் கடலைப் பார்க்காமல் மணலைப் பார்த்தாள். அவளுக்குப் பிறகு அகதிப் படகேறிய கணவன் தவம் கரை சேரவேயில்லை. ஆனாலும் அவள் கார் வாங்கிய நாள்முதல், ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கை விடியும்போதெல்லாம் பின்னுக்குத் தள்ளியே கிடந்தது, நெட்டையன் தவத்தின் கால்களுக்கு அளவாக. அப்படி நடப்பது நிற்கவேண்டுமென்றுதான் இந்த நேர்த்தி நடை.

அலை காலை நனைத்ததும், மணிக்கட்டில் கட்டியிருந்த காப்பு நூலைப் பல்லால் கடித்து அறுத்துக் கடலில் எறிந்தாள்.

"என்னடி பிள்ளை செய்தனி?" கூட நடந்த நேசமலர் அன்ரி பதறினார். "நேர்த்திக் காப்பை இன்னொராள் எல்லோ அவிழ்க்கவேணும்! தானா அறுத்தா நடந்ததெல்லாம் வீண்."

"பயத்தில மறந்துபோனன் அன்ரி."

"சரி, அழாதை. உன்ரை மூளை மட்டு எண்டு முருகனுக்கும் தெரியும்."

நடை தொடங்குமுன்பே கொண்டுவந்து பூட்டிவைத்த கார் கரையோரம் நின்றது. சாவி அவள் பையில்தான் இருந்தது. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். பக்கத்து இருக்கை, அவள் முன்னுக்கு இழுத்துவிட்ட இடத்திலேயே இருந்தது.

"முருகா" என்று பெருமூச்சு விட்டபடி ஓட்டும் இருக்கையில் ஏறிச் சாய்ந்தாள். இருக்கையின் ஈரத்தில் முதுகு நனைந்தது. பிரேக்கை மிதிக்கக் காலை நீட்டினாள். எட்டவில்லை.